பதினாறு வயதில் போலீஸ் கேஸ்: அதோடு எல்லாம் முடிந்துவிடுகிறதா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அக்கா மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். தெருவில் பழக்கமான 19 வயதுப் பையன் ஒருவனோடும் வகுப்பு நண்பர்கள் இருவரோடும் சேர்ந்து பைக் திருடிய வழக்கில் சிக்கிக்கொண்டான். சில நாள் கூர்நோக்கு இல்லத்தில் (வழக்கில் சிக்கிய சிறார்களை விசாரணைக் காலத்தில் வைக்கும் இடம்) இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருக்கிறான். பள்ளியில் டிசி வாங்கிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். அப்பா அவனிடம் பேசுவதே இல்லை. திருப்பூரில் ஏதாவது பனியன் கம்பெனியில் சேர்த்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. இவன் இனி அவ்வளவுதானா, கடை வைத்திருக்கும் தாய்மாமனாக நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவ்வளவுதான் என்று தயவுசெய்து யாரும் முடிவு கட்டாதீர்கள். ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. இவனைப் போன்ற பிள்ளைகளின் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் என்பது ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் உட்காரும் அமர்வு. அந்த இரண்டு பேரில் ஒருவராக ஒரு மாவட்டத்தில் சில ஆண்டுகள் இருந்தவன் நான். அங்கே முதல் தடவை வந்த பையன்களில் பெரும்பாலோர் மறுபடி வரவில்லை. மறுபடி வந்தவர்களை யோசித்துப் பார்த்தால், அவர்களுடைய முதல் குற்றம் மற்றவர்களுடையதைவிடப் பெரியது என்று சொல்ல முடியாது. முதல் வழக்குக்குப் பிறகு ஆறேழு மாதத்துக்குள் பள்ளி போச்சு, வீட்டில் பேச்சு நின்று போச்சு, தோளில் கை போட்டுப் பேச அந்தப் பழைய கூட்டாளி மட்டும்தான் மிச்சம் என்று ஆனவர்கள்தான் அதிகம். பையன் எடுத்த முடிவு ஒரு ராத்திரியோடு முடிந்துவிட்டது. இப்போது முடிவெடுக்க வேண்டியவர்கள் நீங்கள், உங்கள் அக்கா, அக்கா வீட்டுக்காரர், அந்தத் தலைமையாசிரியர்.

டிசியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இதில்தான் அவசரம். 'நாங்களாகவே வந்து வாங்கிக்கொள்கிறோம்' என்று எழுதிக் கேட்டிருந்தால் எழுதிக் கொடுக்காதீர்கள். அக்காவை மட்டும் தனியாக அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள், தலைமையாசிரியரிடம் சண்டை போடாமல் பேசுங்கள். அவருக்கும் மற்ற பெற்றோர் கேட்பார்களே என்ற பயம் இருக்கும். வழக்கு விசாரணையில்தான் இருக்கிறது, முடிந்தாலும் அது அவனுடைய எதிர்காலத்துக்குத் தடையாக இருக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது என்பதை எடுத்துச் சொல்லுங்கள். அப்படியும் கேட்கவில்லை என்றால் முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு மனு, அதோடு அடுத்த வாய்தாவில் குழுமத்தின் முன்னால் அக்காவே எழுந்து 'ஸ்கூல்ல சேர்க்க மாட்டேங்கிறாங்க' என்று ஒரு வரி சொன்னால் போதும். குழுமத்திலிருந்தோ, பையனின் நிலையைக் குழுமத்துக்குச் சொல்லும் நன்னடத்தை அலுவலரிடமிருந்தோ ஒரு கடிதம் போனபின் மனம் மாறிய பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சிகாகோவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. அன்னா ஐசர், ஜோசப் டாயில் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டது. சிறார் நீதிமன்றத்துக்கு வந்த 35,000 பேருக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். அங்கே எந்த வழக்கு எந்த நீதிபதியிடம் போகும் என்பது ஏறக்குறைய குலுக்கல் மாதிரிதான். சில நீதிபதிகள் சட்டென்று உள்ளே அனுப்புவார்கள், சிலர் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆக, ஒரே மாதிரி குற்றம், ஒரே மாதிரி வீடு, நீதிபதி மட்டும் வேறு என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. அடைத்து வைக்கப்பட்ட பிள்ளைகள் பள்ளிப்படிப்பை முடிப்பது கணிசமாகக் குறைந்தது, பெரியவர்களான பிறகு சிறைக்குப் போவது கணிசமாகக் கூடியது. அடைபட்டது சில வாரமோ ஒன்றிரண்டு மாதமோதான், ஆனால் வெளியே வந்த பலர் வகுப்புக்குத் திரும்பவே இல்லை. உங்கள் பையன் அடைபட்டது சில நாள்தான். பள்ளி மட்டும் போய்விட்டால் அந்தச் சில நாளின் விளைவு பல வருஷத்துக்கு நீளும்.

அடுத்து, 'நல்லாத்தானே வளர்த்தோம், தெரிஞ்சேதானே பண்ணியிருக்கான்' என்ற அப்பாவின் கோபம். ஆமாம், தெரிந்துதான் செய்திருக்கிறான். திருட்டு தப்பு என்று 16 வயதில் தெரியாமல் இருக்காது. ஆனால் தனியாக இருந்திருந்தால் செய்திருப்பானா என்று கேட்டுப் பாருங்கள். 2005இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பர்க் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கம்ப்யூட்டரில் ஒரு கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு விழுந்தபின் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினால் அதிகப் புள்ளி, ஆனால் எந்த நேரமும் மோதலாம். 13 முதல் 16 வயதுள்ளவர்கள், கல்லூரி வயதினர், 24 வயதுக்கு மேற்பட்டவர்கள் என்று மூன்று பிரிவு. சிலரைத் தனியாகவும் சிலரை நண்பர்கள் பக்கத்தில் நிற்கும்போதும் ஆட வைத்தார்கள். நண்பர்கள் பார்க்கும்போது சின்னவர்கள் எடுத்த ஆபத்தான முடிவுகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு, பெரியவர்களிடம் ஒரு மாற்றமும் இல்லை. என் அனுபவமும் இதேதான். பைக் திருட்டு, செல்போன் பறிப்பு, ராத்திரியில் கடைப் பூட்டு உடைப்பு, எதை எடுத்தாலும் தனியாகச் செய்த பையன் அபூர்வம். இது அவன் செய்ததற்கு மன்னிப்பு ஆகாது. எந்த இடத்தில் காவல் போட வேண்டும் என்பது மட்டும் இதிலிருந்து தெரிகிறது. அந்த 19 வயதுப் பையனோடு உள்ள தொடர்பு அறுந்தாக வேண்டும், 'அவன்கூடச் சேராதே' என்று சொல்வதால் மட்டும் அது அறுந்துவிடாது, சாயங்காலம் 5 மணியிலிருந்து 9 மணி வரை அவன் எங்கே இருப்பான் என்பதற்கு உங்களிடம் ஒரு பதில் இருந்தால்தான் அறும். டியூஷனோ, கபடிக் குழுவோ, உங்கள் கடையில் இரண்டு மணி நேரம் கல்லாவில் உட்காருவதோ எதுவானாலும் சரி. ஆமாம், கல்லாவில்தான். காசு இருக்கும் இடத்தில் அவனை ஒருவர் நம்பி உட்கார வைப்பது பல அறிவுரைகளைவிட வேலை செய்யும்.

திருப்பூருக்கு அனுப்புவதைப் பற்றி. ஊரை மாற்றுவதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் பாஸ்டன் பகுதியில் குற்றம் செய்து சீர்திருத்தப் பள்ளிக்குப் போன 500 பையன்களை க்ளூக் தம்பதி என்ற ஆய்வாளர்கள் 1930களின் கடைசியிலிருந்து ஆராய்ந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து ராபர்ட் சாம்ப்சன், ஜான் லாப் என்ற வேறு இரண்டு ஆய்வாளர்கள் அந்தப் பழைய ஆவணப் பெட்டிகளைத் தேடி எடுத்து, அதே ஆட்களை 70 வயது வரைக்கும் பின்தொடர்ந்து பார்த்தார்கள். மோசமான ஆரம்பம் இருந்த பலர் பிற்பாடு திருந்தியிருந்தார்கள். காரணமாக அவர்கள் கண்டது நிலையான வேலை, நல்ல கல்யாணம், ராணுவம் போன்றவை. பழைய கூட்டத்திலிருந்து வெட்டிவிட்டு, அன்றாடம் ஒரு ஒழுங்கும் கண்காணிக்க ஒரு ஆளும் கொடுத்தவை. ஆகவே மாற்றம் உதவும், ஆனால் போகிற இடத்தில் அவனைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். தாத்தா பாட்டி வீட்டில் தங்கி அங்கேயே பள்ளியில் சேர்வது என்றால் யோசிக்கலாம், குழுமத்தில் சொல்லிவிட்டுச் செய்யலாம். 16 வயதுப் பையனை ஷிப்ட் வேலையில் போட்டு, முன்பின் தெரியாத பெரிய ஆட்களோடு ஒரே அறையில் படுக்க வைத்துவிட்டு, வாரச் சம்பளமும் கையில் கொடுத்தால், அது அவனைக் கைகழுவுவதுதான். வாய்தாவுக்கு வராமல் விட்டால் ஜாமீனும் சிக்கலாகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சொந்தக்காரர்களில் யாராவது இதை நிச்சயம் சொல்லியிருப்பார்கள்: 'தெரிஞ்ச இன்ஸ்பெக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் நாலு தட்டு தட்டச் சொன்னா சரியாயிடுவான்.' வேண்டாம். அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் ராவே சிறையில் 1970களில் இப்படிப் பயமுறுத்தித் திருத்துவதையே ஒரு திட்டமாகச் செய்தார்கள். ஆயுள் கைதிகள் பையன்கள் முகத்துக்கு நேராகக் கத்தி, சிறை வாழ்க்கையைச் சொல்லி நடுங்க வைப்பார்கள். பையன்கள் அழுதார்கள், பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள், பல மாநிலங்களுக்குப் பரவியது. பிறகு ஒழுங்காக ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அந்தப் பயமுறுத்தலுக்குப் போன பையன்கள் போகாதவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள். நம் ஊரில் ஸ்டேஷனில் அடி வாங்கிய பையன் தெருவுக்குத் திரும்பும்போது கூட்டாளிகள் நடுவில் அவனுக்குக் கிடைக்கும் மரியாதையைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

அடைத்து வைக்கும் இடங்களும் அப்படி ஒன்றும் பாதுகாப்பானவை இல்லை. செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 2022 டிசம்பர் 31 அன்று, பேட்டரி திருடியதாகப் பிடித்து வரப்பட்ட 17 வயதுப் பையன் இறந்தான். அடித்ததால்தான் இறந்தான் என்று அங்கே பணியாற்றிய 6 பேர் கைது செய்யப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்த இல்லங்களை ஆராய முன்னாள் நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. குழந்தைகளுக்கென்று தனிச் சட்டத்தை 1920லேயே இயற்றிய மாகாணம் இது, இந்தியாவிலேயே முதலாவது. நூறு ஆண்டு கழித்தும் பேட்டரி திருட்டுக்கு ஒரு பிள்ளை உயிரை விட்டான் என்பதை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. அதனால்தான், மறுபடி உள்ளே போகும் நிலை வராமல் பார்த்துக்கொள்வதே முதல் வேலை என்கிறேன்.

சரி, சட்டத்தில் இனி என்ன நடக்கும். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம்தான் இவனுக்குப் பொருந்தும். 19 வயதுப் பையனின் வழக்கு சாதாரண நீதிமன்றத்தில் தனியாக நடக்கும், இவனுடையதை அதோடு சேர்க்க முடியாது. வயதுக்கு ஆதாரம் பள்ளிச் சான்றிதழ், அது இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பு தரும் பிறப்புச் சான்றிதழ். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் நகலை வக்கீலிடம் இன்றே கொடுத்துவிடுங்கள். விசாரணையை 4 மாதத்தில் முடிக்க வேண்டும், தேவைப்பட்டால் இன்னும் 2 மாதம் நீட்டலாம். 3 ஆண்டு வரை மட்டுமே தண்டனை உள்ள சிறு குற்றமாக இருந்து அதற்குள்ளும் முடியவில்லை என்றால் நடவடிக்கையே முடிவுக்கு வந்துவிடும். குற்றம் உறுதியானாலும் எச்சரித்து அனுப்புவது, ஆலோசனை, சமூக சேவை, பெற்றோரின் பொறுப்பில் நன்னடத்தைக் கண்காணிப்பு என்று பல வழிகள் இருக்கின்றன. கடைசி வழிதான் சிறப்பு இல்லம், அதாவது உத்தரவுக்குப் பிறகு தங்க வைக்கும் சீர்திருத்த இல்லம், அதுவும் அதிகபட்சம் 3 ஆண்டு. வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைப்பார், குழந்தைகளுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை.

இதற்கு நடுவில் நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வருவார். சமூகப் பின்னணி அறிக்கை எழுதுவதற்காக. பல குடும்பங்கள் அவரைப் போலீஸ் மாதிரி நினைத்து எல்லாவற்றையும் மறைத்துவிடுகின்றன. அப்பா குடிப்பார், பையன் ஒரு வருஷமாகக் கூல் லிப் என்ற புகையிலை போடுகிறான், கணக்கில் தொடர்ந்து ஃபெயில், அம்மா இரண்டு வீட்டில் வேலை பார்ப்பதால் ராத்திரி வரை ஆள் இல்லை, இப்படி எதுவானாலும் உள்ளதைச் சொல்லுங்கள். அந்த அறிக்கையை வைத்துத்தான் குழுமம் முடிவெடுக்கிறது. 'எந்தப் பிரச்சினையும் இல்லாத வீடு' என்று எழுதிய அறிக்கை எங்கள் மேஜைக்கு வந்தபோதெல்லாம், இந்தப் பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறோம்.

நீங்கள் கேட்காத ஒன்று, பைக்கின் சொந்தக்காரர். அவரைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரு வரிகூட இல்லை. குறையாகச் சொல்லவில்லை, எல்லா வீட்டிலும் அப்படித்தான். அடையாளம் தெரியாதபடி ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். வண்டியைப் பறிகொடுத்தவர் விடிகாலையில் பால் பாக்கெட் போடுபவர். வண்டி கிடைத்துவிட்டது, ஆனால் பேட்டரியும் சைலன்சரும் இல்லை. மனுப் போட்டு மீட்கிற வரைக்கும் ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்றது. தவணை மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டே இருந்தது. அவர் சைக்கிளில் இரண்டு நடையாகப் பால் போட்டார், லேட்டாகிறது என்று சில வீடுகள் வேறு ஆளிடம் மாறிவிட்டன. பையன் என்னிடம் மெதுவாகக் கேட்டான், 'இன்சூரன்ஸ்ல வந்துடும் இல்ல சார்?' அவர் கட்டியிருந்தது தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ், திருட்டுக்கு அதில் ஒரு பைசா வராது. அவர் இதையெல்லாம் கோபப்படாமல், கணக்குச் சொல்வது மாதிரி சொன்னார். அதைக் கேட்டபோது அந்தப் பையன் முகம் மாறியது போல எந்த எச்சரிக்கைக்கும் எந்தக் கவுன்சலிங்குக்கும் மாறி நான் பார்த்ததில்லை. பிறகு அவனுடைய மாமா பேசி, அரையாண்டு லீவில் அவன் வேலை செய்த கூலியைக் கொண்டுபோய் பேட்டரிக்குக் கொடுத்தான்.

நியூசிலாந்தில் 1989இலிருந்தே இதைச் சட்டமாக வைத்திருக்கிறார்கள். பையன், அவன் குடும்பம், பாதிக்கப்பட்டவர், போலீஸ் எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து அவன் என்ன செய்து சரிக்கட்ட வேண்டும் என்று எழுதி முடிவு செய்வது. அங்குள்ள மவோரி மக்களின் வழக்கத்திலிருந்து எடுத்த யோசனைகள் அதில் நிறைய உண்டு. நம் சட்டத்தில் இது கட்டாயம் இல்லை. ஆனாலும் வக்கீலையும் குழுமத்தையும் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்துக் கேஸை வாபஸ் வாங்க வைக்கும் பேரமாக ஆக்காமல், நீங்களே பையனோடு அவரைப் போய்ப் பார்க்க முடியும் என்றால் போங்கள். சாட்சியை மிரட்ட வந்தார்கள் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது, அதனால் கேட்காமல் மட்டும் போகாதீர்கள்.

எல்லாக் குற்றத்துக்கும் இதே வாய்ப்பு உண்டா என்று சிலர் என்னிடம் கோபமாகவே கேட்பார்கள். 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கில் 17 வயதுக் குற்றவாளி 3 ஆண்டில் வெளியே வந்ததும், அந்த 2015 டிசம்பரிலேயே புதிய சட்டம் நிறைவேறியதும் எல்லாருக்கும் நினைவிருக்கும். அதன்படி 16 வயதுக்கு மேல், குறைந்தபட்சம் 7 ஆண்டு தண்டனை உள்ள கொடுங்குற்றம் என்றால், பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று முதலில் மதிப்பிடுவார்கள். அப்போதும் மரண தண்டனையோ விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையோ கிடையாது. இந்த வரையறையில் எனக்குச் சங்கடம் உண்டு. வகுப்புத் தோழியோடு ஊரைவிட்டுப் போய் உறவு கொண்ட 17 வயதுப் பையனும், சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி அதே கொடுங்குற்றப் பட்டியலில்தான் வருகிறான். அதே சமயம், 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனை உடன் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டியதையும், தடுக்க வந்த தங்கையை வெட்டியதையும் 'ஏதோ வயசுக் கோளாறு' என்று யாராவது சொன்னால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. அந்தப் பையன்களுக்குச் சாதித் திமிரை ஊட்டியவர்கள் பெரியவர்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் வெட்டுப்பட்ட மாணவன் சிகிச்சைக்கு நடுவிலேயே படித்து, அடுத்த ஆண்டு பிளஸ் டூவில் 600க்கு 469 எடுத்தானே, இரண்டாவது வாய்ப்பு முதலில் கிடைக்க வேண்டியது அவனுக்கு. வெட்டியவர்கள் திரும்ப வரலாம், தாங்கள் செய்தது என்ன என்று அவர்களை நேருக்கு நேர் பார்க்க வைக்கும் நீண்ட வேலைக்குப் பிறகு. அந்த வேலையைச் செய்ய நம் இல்லங்களில் போதிய ஆட்கள் இல்லை என்பதுதான் என் கவலை.

உங்கள் பையன் விஷயம் அப்படிப்பட்டது இல்லை. ஆனால் இன்னொரு தடவை தவறக்கூடும், அதற்கும் தயாராக இருங்கள். திருட்டாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பள்ளிக்குக் கட் அடிப்பான், பழைய நண்பனை ரகசியமாகப் பார்ப்பான், பொய் சொல்வான். 'ஒரு சான்ஸ் குடுத்தோம், கெடுத்துக்கிட்டான்' என்று அன்றைக்கே கதவைச் சாத்திவிடாதீர்கள். அப்பா பேச ஆரம்பிக்க வேண்டும் என்பதையும் நீங்கள்தான் அவரிடம் சொல்ல வேண்டும், மச்சினன் சொன்னால் கேட்பார். பெரிய பேச்சு வேண்டாம், 'சாப்பிட்டியாடா'வில் ஆரம்பித்தால் போதும்.

கடைசியாக, வேலைக்குப் போகும்போது இது இடிக்குமா என்று அக்கா பயப்படுவார். சட்டத்தின் 24ஆவது பிரிவுப்படி, சிறாராக நடத்தி முடிக்கப்பட்ட வழக்கில் குற்றம் உறுதியானாலும் அதனால் எந்தத் தகுதியிழப்பும் வராது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்து, விதிகள் சொல்லும் 7 ஆண்டு வரை மட்டும் ஆவணங்களை வைத்திருந்து பிறகு அழித்துவிட வேண்டும். அவன் பெயரையோ படத்தையோ பள்ளியையோ பத்திரிகையிலோ வாட்ஸ்அப்பிலோ போடுவது 74ஆவது பிரிவுப்படி குற்றம். தெரு வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது சிசிடிவி வீடியோவைப் போட்டிருந்தால் அழிக்கச் சொல்லுங்கள். மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையில் சப்-இன்ஸ்பெக்டராகத் தேர்வான ஒருவருக்குச் சிறார் வயது வழக்கைக் காட்டி வேலை மறுத்தபோது, 2019இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஆனாலும் காவல் சரிபார்ப்பு என்று வரும்போது கீழ்மட்டத்தில் இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்திருக்காது. அதனால் இறுதி உத்தரவு வந்ததும் சான்றிட்ட நகல் இரண்டு வாங்கி, ஒன்றை அக்கா வீட்டிலும் ஒன்றை உங்கள் வீட்டிலும் வையுங்கள். எந்த விண்ணப்பத்தில் வழக்கு பற்றிக் கேட்டாலும், நிரப்புவதற்கு முன் அந்த நகலோடு ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.